பாண்டி ஏட்டுக்கு ஒரு மகள் தேவை

சிரிப்பு நடிகருக்கும் ஒரு துக்கம் வாங்கிக் கொடுப்பது என்று சங்குமுத்திரைத் தொலைக்காட்சியின் கதைக்குழு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தீர்மானித்தது. தட்டிலிருந்த பருப்புவடை ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதே தொலைக்காட்சியில் ‘பூட்டிய முறி’ என்று ஒரு துப்பறியும் தொடர் வந்தது. முறி என்றால் மலையாளத்தில் அறை. வாரத்துக்கு ஒரு பூட்டிய அறை, அறைக்குள் ஒரு பிணம். தொடர் ஓடுகிற நேரம் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நாய்கூட நடமாடாது என்பார்கள். கொலையைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டரை இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அவருக்குப் பின்னால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்த பாண்டி ஏட்டை எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. ஏட்டு என்றால் ஹெட் கான்ஸ்டபிள். பாண்டி என்பது தமிழனை மலையாளத்தில் கேலியாகச் சொல்வது. பாத்திரத்துக்கு வேறு பெயர் வைக்கவில்லை. போலீஸ் உடையில் ஒரு ஆள் தமிழ் பேசினாலே சனம் சிரிக்கும், அதற்குமேல் செலவு எதற்கு என்று கதைக்குழு அன்றைக்கே கண்டுபிடித்திருந்தது.

பாண்டி ஏட்டாக நடித்தவர் பாறசாலைக்காரரான தாசையன். ஆரியசாலையில் மொத்த மிளகாய்க் கடை ஒன்றில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர். எல்லோரும் உள்ளே போனபிறகு அவர் கடைசியாக வருவார். பிணத்தைப் பார்ப்பார். விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். பிறகு அதனிடம் கேட்பார்:

“வந்தியளா? வரமாட்டியண்ணு நெனச்சேன்.”

வீட்டுக்கு வீடு சிரித்தார்கள்.

அது கதைக்குழு எழுதிய வசனம் இல்லை. தாசையன் வேலை முடிந்து நேரம் கெட்டு வீட்டுக்கு வரும்போது அவர் மனைவி எலிசாள் கதவைத் திறந்து சொல்லுகிற பேச்சு. எலிசாளுக்குக் கேலி பேசத் தெரியாது. உண்மையாகவே வரமாட்டார் என்று நினைத்து, சோற்றை மூடிவைத்து, காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவளுடைய நிம்மதி அது. படப்பிடிப்பின் முதல்நாள், “சொந்தமா ஏதாவது தமிழ்ல சொல்லு” என்றார்கள். தாசையனுக்கு வாயில் வந்தது அதுதான்.

பிறகு எலிசாள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அதைச் சொன்னார். மீன்காரி சொன்னாள். ஆராதனைக்குப் பிந்திப்போனால் பின்பெஞ்சில் யாராவது மெதுவாகச் சொல்லி, வரிசையே தோள் குலுங்கிற்று. எலிசாள் முதலில் அந்தப் பேச்சை விட்டாள். பிறகு வெளியே போவதை விட்டாள். பிறகு அவசியத்துக்கு மேல் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். வியாதி அதற்கப்புறம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். தாசையன் படப்பிடிப்பிலிருந்து காக்கி உடுப்போடு ஓடிவந்தார். எலிசாள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“வந்தியளா?”

மீதியைச் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. ஆனால் மீதி வார்டுக்கே தெரியுமே! நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கையில் குளுக்கோஸ் ஊசியோடு சிரித்தார். தாசையன் சல்யூட் அடித்தார். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. எலிசாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

கட்டிலோரம் பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்ற மகள் லிபி இதையெல்லாம் பார்த்தாள். அம்மையை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் அப்பனோடு பேசவில்லை.

வருஷங்கள் போயின. லிபி அதே மிளகாய்க் கடையில் பில் போடுகிறாள். ஒருநாள் கடை முதலாளி நெல்லையப்பன் டெலிபோனை வைத்துவிட்டு வந்தார்.

“லிபி, ஒங்கப்பாக்கு வாயும் கையும் இழுத்துக்கிட்டாம். கண்ணும் மங்கிப்போச்சாம். பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. ஒன்னப் பாக்கணும்னு சொல்லுதாராம்.”

லிபி அன்று முழுவதும் தப்புத் தப்பாகப் பில் போட்டாள். அப்பனிடம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கேள்வி. அன்னைக்கு ஏன் சிரிச்சிய? பதில் எதுவானாலும் சரி, அதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு பேசுவதா வேண்டாமா என்பதை அவள் தீர்மானித்துக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் அப்பனுடைய அறை வாசலில் தொலைக்காட்சியின் காவலாளி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு அனுமதி உண்டு. நர்சுக்கு உண்டு. மகளுக்குத்தான் கிடையாது.

“மகள்னா ஆபீஸ்ல பேசணும். மகள் விஷயம் எல்லாம் நாகேஸ்வரன் சார் நேரடியாட்டு பாக்காரு” என்றார் அவர், மரியாதையாகவே.

நாகேஸ்வரன் நிகழ்ச்சித் தலைவர். வலியசாலை அக்ரகாரத்துக்காரர். காலையில் கோவில் சந்தனம், மத்தியானம் ரேட்டிங், சாயங்காலம் மனிதாபிமானம் என்று நெற்றியிலும் மேஜையிலும் வாயிலும் முறையாக வைத்திருப்பவர். லிபியைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வா குழந்தே, வா! உன்னைத்தான் பேசிண்டிருந்தோம். ‘பூட்டிய முறி’ திரும்பி வரதாக்கும். ஆனா இப்போ பழைய காலம் இல்லை, கேட்டியா? ஜனங்க வளர்ந்துட்டா. சிரிப்பு போலீஸ் வழுக்கி விழுந்தா மட்டும் போறாது. அவன் ஏன் விழறான்? மனசுல என்ன பாரம்? அவனோட கோச்சுண்டு போன ஒரு பொண்ணு வேணும்னு குழுவுல ஏகமனசா முடிவாச்சு. அப்பறமாத்தான் தெரியறது, உங்கப்பா கிட்ட அது ரெடியாவே இருக்குன்னு! தெய்வாதீனம் பாரு.”

“சார், நான் அப்பாட்ட ஒரு கேள்வி கேக்கணும். அஞ்சு நிமிசம் போதும்.”

நாகேஸ்வரன் உட்கார்ந்தார். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

“ரெண்டு பேரும் பேசி எத்தனை வருஷமாச்சு?”

“பத்து.”

“பத்து வருஷம்! ஒரு சொட்டு சிந்தாம பாதுகாத்து வெச்சிருக்கே. அதைப் போயி அஞ்சு நிமிஷத்துல, கேமரா இல்லாம, லைட் இல்லாம, ஒரு ஆஸ்பத்திரி முறியில தீர்த்துக்கறேங்கறியே. நியாயமா? ஜனங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

“இது எங்க வீட்டு காரியம் சார்.”

“உங்க வீட்டுதா இருந்தது. இப்போ எங்களோடதாக்கும். பிணக்கம், அதோட காரணம், அது தீர்ற சீன் மூணுக்கும் உரிமை எங்களுக்கு. உங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்கார். அந்த சீன் எடுக்கற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பாக்கப்படாது, பேசப்படாது. பாத்துட்டா ஃப்ரெஷ்னஸ் போயிடும்.”

“எனக்க பிணக்கத்துக்கு அவரு எப்படி சார் கையெழுத்து போடுவாரு?”

“பிணக்கம் ரெண்டு பேருக்கும் பொதுதானேம்மா. ஜாயிண்ட் அக்கவுண்ட் மாதிரி. யாராவது ஒருத்தர் போட்டாப் போறும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சிகிச்சை முழுக்க எங்க பொறுப்பாக்கும். யாராவது இப்படிப் பாப்பாளா? மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கே. அவர் போயிட்டா, தொடர் என்னத்துக்காறது?”

இருந்தாலும் ஒரு வழி இருந்தது. கதைக்குள் மகளாக வருகிறவள் அந்த அறைக்குள் போகலாம். அந்த வேஷத்துக்கு அடுத்த வாரம் தேர்வு. லிபியும் வந்து பார்க்கலாம், தடையொன்றும் இல்லை, இந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்றார் நாகேஸ்வரன்.

லிபி போனாள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள், உள்ளே போகும்போது சூடாக இருக்க வேண்டுமென்று. லிபியின் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் நாகேஸ்வரனும் கதைக்குழுவும்.

“அப்பாவை நெனச்சுக்கோ. நீ கோச்சுண்டு பேசாத அப்பா.”

லிபி நினைத்துக்கொண்டாள்.

“நெனச்சாச்சா?”

“நெனச்சேன் சார்.”

“அழல்லையே?”

“எனக்கு அழுகை வராது சார். தொண்டை வறண்டு போவும். அவ்வளவுதான்.”

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கருத்துகள் சொல்லப்பட்டன. அப்பாவோடு பிணங்கின பெண் மாதிரியே இல்லை, மிளகாய்க் கடையில் பில் போடுகிறவள் மாதிரி இருக்கிறாள் என்றார் ஒருவர். பெற்ற மகளுக்கு இவ்வளவு நிதானம் இருக்காது என்றார் இன்னொருவர். முகஜாடை பற்றிக் கேட்டபோது, “ஜாடை இருக்கு. ஆனா கொஞ்சம் ஓவர். ஜனங்க மேக்கப்னு நெனைச்சுப்பா” என்று நாகேஸ்வரன் முடித்துவைத்தார்.

லிபி மகளாகத் தேர்வாகவில்லை.

தேர்வானவள் மாளவிகா. வலியசாலைப் பெண்தான், தொலைக்காட்சியில் வளர்ந்தவள். இந்தக் கண் என்றால் இந்தக் கண்ணிலிருந்தும் அந்தக் கண் என்றால் அந்தக் கண்ணிலிருந்தும் கேட்டபடி ஒற்றைச் சொட்டு விடுவாள். குணத்தில் தங்கம். லிபி வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “பாவம் சார், அவாளை நம்மகூட வெச்சுக்கலாமே” என்றாள். குழு இளகியது. லிபி பிணக்க ஆலோசகராக நியமிக்கப்பட்டாள். அப்பனோடு பேசாமலிருப்பது எப்படி என்று மாளவிகாவுக்குச் சொல்லித்தருவது வேலை.

“படப்பிடிப்பு அன்னிக்கு நீயும் யூனிட்டோட அந்த முறிக்கு வருவியோல்லியோ? ஷாட் முடிஞ்சதும் உன் கேள்வியைக் கேட்டுக்கோ. யார் வேண்டாம்னா?” என்றார் நாகேஸ்வரன்.

அதற்காகத்தான் லிபி ஒப்புக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதிருந்ததையெல்லாம் ஏசியறையில் உட்கார்ந்து மாளவிகாவிடம் சொன்னாள். மீன்காரி, பின்பெஞ்சு, வார்டு, காக்கி உடுப்பு, சல்யூட். மாளவிகா மடியில் தலையணையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

“அக்கா, அம்மா ‘வந்தியளா’ன்னு கேட்டப்போ நீங்க கட்டிலைப் பிடிச்சிண்டிருந்தேளா, இல்ல கையைக் கட்டிண்டிருந்தேளா?”

“அம்மைக்க காலைப் பிடிச்சிட்டிருந்தேன்.”

“ஓ.” மாளவிகா யோசித்தாள். “கால் ஃப்ரேம்ல வராதே.”

இதற்கிடையில் படப்பிடிப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. கிரிக்கெட் வந்தது. இடைத்தேர்தல் வந்தது. புது இன்ஸ்பெக்டருக்கு மீசை வளரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்தி வாராவாரம் கதைக்குழுவில் வாசிக்கப்பட்டு, அதன்படி திரைக்கதை திருத்தப்பட்டது. ஒரு கை அசையவில்லை என்று வந்த வாரம் கட்டிப்பிடிக்கும் காட்சி எடுபட்டது. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது என்று வந்த வாரம் குழு கைதட்டியது. லிபி ஒவ்வொரு வாரமும் நாகேஸ்வரன் அறை வாசலில் நின்றாள்.

“டாக்டர் ஒத்துழைக்க மாட்டேங்கறாரம்மா” என்று அவர் ஒருநாள் அவளிடமே அலுத்துக்கொண்டார். “ஓணம் வரைக்கும் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துங்கோன்னா, என் கையில இல்லேங்கறார். இங்கே இத்தனை பேர் ஷெட்யூல் பிரகாரம் நடக்கறோம். ஒரு நோயாளிக்கு மட்டும் என்ன?”

கடைசியில் நாள் குறித்தார்கள். டாக்டர் இனித் தாங்காது என்று சொன்ன மறுநாள்.

லிபி அம்மையின் பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். அப்பனுக்குக் கண் தெரியாவிட்டாலும் அந்தச் சேலையின் மணம் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஃப்ளோர் மேனேஜர் லிங்கம் கையை நீட்டித் தடுத்தார்.

“அக்கா, ஆலோசகர் பாஸ் கீழ்த்தளம் வரைக்கும்தான். மேல சின்ன முறி பாத்துக்கிடுங்க, கேமரா வச்சா கொசு போவ இடமில்ல. ஷாட் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

லிபி மருந்துக்கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். மேலே விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. ஒயர்கள் போயின. மாளவிகா வெள்ளைச் சுடிதாரில் போனாள். போகிறபோது குனிந்து, “ஆசீர்வாதம் பண்ணுங்கோ அக்கா” என்று லிபியின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்து மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. எல்லோரும் இறங்கி வந்தார்கள். லைட்மேன்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

“ஒரே டேக் அக்கா!” என்றார் லிங்கம். “மகள் வந்திருக்காண்ணு காதுல சொன்னோம். அவ்வளவுதான். மாளவிகா மேடம் கையைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே கொட்டிட்டாரு மனுஷன்.”

“நான் இல்லண்ணு அவருக்குத் தெரியுமா?”

“அதெப்படித் தெரியும்? தெரிஞ்சா ஃபீலிங் வருமா?”

லிபி அவரைத் தள்ளிக்கொண்டு மேலே ஓடினாள். அறை பூட்டியிருந்தது. நோயாளி களைத்துவிட்டார், ஊசி போட்டுத் தூங்கவைத்திருக்கிறது, நாளைக்கு ஒரு க்ளோசப் பாக்கி இருப்பதால் யாரும் எழுப்பக்கூடாது என்று காவலாளி சொன்னார். லிபி கீழே வந்து மாளவிகாவின் காரை மறித்தாள்.

“மாளவிகா, எங்கப்பா என்ன சொன்னாரு?”

“நெறைய சொன்னார் அக்கா. பாவம், வாய் கோணிண்டு, ஆனாலும் விடாம…” மாளவிகா நெற்றியைச் சுருக்கினாள். “‘மக்களே’ன்னு, பெத்த பொண்ணைக் கூப்பிடற மாதிரி ஆரம்பிச்சார். நடுவுல அந்த சல்யூட்டைப் பத்தி ஏதோ சொன்னார்.”

“சல்யூட்டைப் பத்தி என்ன?”

“ஸாரி அக்கா. டைரக்டர் இடது கண்ணுன்னு சொல்லியிருந்தாரா, நான் அதுலயே கவனமா இருந்துட்டேன்.”

“ரெக்கார்டுல இருக்குமே? டேப்புல?”

பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவுக்காரர் பெருமையோடு சொன்னார், “டேப்ல சவுண்டே எடுக்கலம்மா. மலையாளத் தொடராச்சே, அழுற சீன்ல தமிழ் கேட்டா சனம் சிரிச்சிடும். வேற ஆளை வெச்சு டப் பண்ணிக்குவோம்.”

மறுநாள் விடிந்தபோது தாசையன் இறந்துபோயிருந்தார். க்ளோசப் பாக்கியாகவே நின்றுவிட்டது.

பொதுமக்கள் அஞ்சலிக்காக உடல் ஸ்டூடியோவில் வைக்கப்பட்டது. அடக்கத்தின் ஒளிபரப்பு உரிமையும் ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான் என்று தேவாலயச் சபையாருக்கு விளக்கியிருந்தார்கள். பூட்டிய அறை செட்டையே போட்டு, நடுவில் பெட்டியை வைத்து, தாசையனுக்குக் காக்கி உடுப்புப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் மாளவிகா முட்டாக்குப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். ஒரு கிழவி அவளைக் கட்டிக்கொண்டு, “கடைசியிலயாவது அப்பனோட சேர்ந்தியே மோளே” என்று கதறினாள். நாகேஸ்வரன் மைக்கில் பேசினார்:

“ஒரு தகப்பனையும் மகளையும் இந்த நிறுவனம் சேர்த்து வெச்சிருக்கு. லாபத்துக்காக இல்லை. எங்களுக்கு வேற நோக்கம் கிடையாது.”

லிபி பொதுமக்கள் வரிசையில் நின்றாள். குடும்பத்தாருக்கான வரிசையில், பட்டியலில் ஏற்கெனவே மகள் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

சுவரில் பெரிய திரை. அதில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடிற்று. அப்பன் மாளவிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தார். கம்பீரமான மலையாளக் குரல் ஒன்று கேட்டது: “மகளே, சட்டமும் ஒழுங்கும் என் மூத்த பிள்ளைகள். உன்னைக் கவனிக்க எனக்கு நேரமில்லாமல் போய்விட்டது.” கூட்டம் விம்மியது. லிபி குரலைக் கேட்கவில்லை, உதட்டையே பார்த்துக்கொண்டு நகர்ந்தாள். குரல் நின்ற பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்று தரம், ஒரே மாதிரி. என்ன சொல் என்று அவளால் பிடிக்க முடியவில்லை. நாலாவது தரம் அசைவதற்குள் விளம்பரம் வந்தது.

பெட்டியருகே வந்தாள். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். வந்தது அது இல்லை. அம்மை கதவைத் திறந்ததும் சொல்வாளே, அந்தத் தணிந்த குரலில், அதே நிம்மதியோடு வந்தது:

“வந்தியளா? வரமாட்டியண்ணு நெனச்சேன்.”

பிறகு ஸ்டூடியோ வெடித்துச் சிரித்தது. கிழவி சிரித்தாள். சபையார் சிரித்தார்கள். மாளவிகா இடது கண்ணில் நீர் நிற்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன டைமிங்! குழந்தே, இது உங்கிட்ட இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கப்படாதோ? லிங்கம், எடுத்துட்டியா?”

“படம் இருக்கு சார். மைக் தூரமாப் போச்சு.” லிங்கம் மைக்கை நீட்டினார். “அக்கா, இன்னொருக்க. அதே மாதிரி சொல்லுங்க.”

லிபி மைக்கைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

“அவரை எழும்பச் சொல்லுங்க. சொல்லுதேன்.”

இந்த முறை மைக் பக்கத்தில் இருந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நாகேஸ்வரன் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ஓணத்துக்குப் பிறகு ‘பூட்டிய முறி’யில் புது ஏட்டு வந்தார். எல்லோரும் உள்ளே போனபிறகு கடைசியாக வருவார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்து, “கொலை எப்படி நடந்திருக்கும், ஏட்டே?” என்பார். ஏட்டு பிணத்தைக் காட்டி, லிபி மைக்கில் சொன்னதை, பதிவான அவள் குரலிலேயே சொல்லுவார். சாலைக் கடைத்தெருவில் கடன் கேட்டவனுக்கும் விலை கேட்டவளுக்கும் அதுவே பதிலாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம் கேட்ட வாத்தியாருக்கே சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் லிபி பழவங்காடியில் பஸ் ஏறினாள். நல்ல கூட்டம். நாள் முழுக்க நின்ற கால். பெண்கள் சீட்டில் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு, எந்தப் பெண்ணும் தினம் சொல்வதுதான். லிபி கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

“சேட்டா, இவரைக் கொஞ்சம் எழும்பச்…”

அவள் நிறுத்திக்கொண்டாள். கண்டக்டர் நிறுத்தவில்லை.

“எழும்பச் சொல்லுங்க, சொல்லுதேன்!”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஜன்னலோரத்து ஆள்கூடத் திரும்பி, அவளைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். கெட்டவர்கள் இல்லை, மக்களே. நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற சனம். நானும் நீங்களும் அந்த பஸ்ஸில் இருந்திருந்தாலும் சிரித்திருப்போம்.

லிபி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். அதற்குப் பிறகு அவள் எந்த பஸ்ஸிலும் யாரையும் எழும்பச் சொன்னதில்லை.